செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு யார் வருவார்கள்?

திருப்பூரில் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக நாங்கள் நடத்திய முதல் மருத்துவ முகாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. டாக்டர் வந்தார், பந்தல் வந்தது, சர்க்கரை பார்க்கும் மெஷின் வந்தது. உடம்பைக் காட்ட வந்தவர்கள் 12 பேர். அதில் 7 பேர் அதே தெருவின் உள்ளூர்ப் பெரியவர்கள். ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாளில் எந்த ஒடிசாப் பையன் பீஸ் ரேட்டை (தைக்கிற எண்ணிக்கைக்குக் கிடைக்கும் கூலியை) விட்டுவிட்டு பிரஷர் பார்க்க வருவான்? பக்கத்து லைன் வீட்டு அம்மா பந்தலைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத ஞாயித்துக்கெழம சாயங்காலம் வெச்சிருந்தா என்னங்க?” என்று கேட்டார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை துணி துவைப்பு, அப்புறம் சந்தை, ஊருக்கு வீடியோ கால். அதற்குப் பிறகு மிஞ்சும் இரண்டு மணி நேரம்தான் அவர்களுடையது. அந்த அம்மாவை முன்னாடியே கேட்டிருந்தால் பந்தல் வாடகை மிச்சம்.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உதவப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்தான் கீழே வருபவை. அவற்றில் பாதி நாங்களே செய்தவை. பெரும்பாலும் கேட்காமல் செய்ததால் வந்தவை.

முதலில் ஒரு பெரிய குழப்பம். பனியன் கம்பெனிக்கு வந்த பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்காரர்களையும், பவானிசாகர், அரச்சலூர், பூலுவப்பட்டி முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களையும் ‘வெளியூர்க்காரங்க’ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். முன்னவர்கள் இந்தியக் குடிமக்கள். கையில் ஆதார் அட்டை உண்டு, மொழிதான் இல்லை. பின்னவர்களுக்கு நம் மொழியே சொந்த மொழி, பெரும்பாலோருக்குக் குடியுரிமைதான் இல்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை கிடையாது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் உதவப் போனால் விபரீதமாகும். முகாமில் ஒரு பையனுக்கு, “நீ இங்கதானே பிறந்தே?” என்று கேட்டு, நல்லெண்ணத்தில் வாக்காளர் படிவம் நிரப்பிக் கொடுக்கிற தன்னார்வலர்கள் உண்டு. குடிமகன் என்று பொய்யாக உறுதி கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம்; மாட்டிக்கொள்வது படிவம் நிரப்பிக் கொடுத்தவர் அல்ல, அந்தப் பையன். செய்ய வேண்டியது வேறு. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து முதல் அலையில் வந்தவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் சிலர் இந்தக் கணக்கில் வருவார்கள். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. ஆகவே பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடிக் கொடுத்து, ஒரு வக்கீலிடம் காட்டுவதே பெரிய உதவி. போர்வை அப்புறம் கொடுக்கலாம்.

இன்னொன்று: முகாமில் ‘செக்கிங்’ என்றால் ஆஜர் எடுப்பது, பனியன் கம்பெனியில் ‘செக்கிங்’ என்றால் துணியில் ஓட்டை பார்ப்பது. முகாம் செக்கிங் நாளில் நிகழ்ச்சி வைத்தால் எல்லோருக்கும் மனது அங்கேதான் இருக்கும். கூப்பிடும்போது ‘அகதி முகாம்’ என்று கூப்பிடாதீர்கள். 2021 முதல் அரசே ‘மறுவாழ்வு முகாம்’ என்றுதான் எழுதுகிறது.

பொருள் கொடுப்பது அடுத்த சறுக்கல். 2020 ஊரடங்கில் நாங்கள் கட்டிய பையில் புளியும் சாம்பார் பொடியும் இருந்தன. கடுகெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. பொடி பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. (ஒடிசாக்காரர்கள் தண்ணீர் ஊற்றி வைக்கும் ‘பொக்கால’ நம் பழைய சோறுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் தயிரும் வெங்காயமும் கொடுத்திருப்போம்.) கொடுத்ததை விற்றுவிட்டார்கள் என்று கோபப்படுபவர்களும் உண்டு. சிரிய மக்களுக்காக 2012இல் ஜோர்டானில் திறந்த சாத்தாரி முகாமில் நிவாரணப் பொருள்களை விற்றும் மாற்றியும் ஒரு கடைத்தெருவே எழும்பியது. உலக உணவுத் திட்டம் அங்கே 2016இல், கருவிழியை ஸ்கேன் செய்து கடையில் வேண்டியதை வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

அரிசியே கொடுக்க வேண்டுமானால் அவர் ரேஷன் கார்டை முதலில் பாருங்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் உண்டு. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு, ஆதார் இணைப்பு, கைரேகை இருந்தால் தன் பங்கை இங்கே வாங்கலாம். மீதியை ஊரில் மனைவி வாங்கிக்கொள்ளலாம். ஆதார் இணைக்காத கார்டென்றால் அதைச் சொந்த மாநிலத்தில்தான் சரிசெய்ய வேண்டும். ஹோலிக்கு ஊருக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

மருத்துவ முகாமைவிட ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண் பெரியது. மாதம் ரூ. 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்குத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். வேலையில் விரல் போனால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. ஆனால் நோய்க்கு விடுப்புச் சம்பளம் வாங்க ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது எண் போட்டால் அந்தக் கணக்கு சிதறிவிடுகிறது. பழைய எண்ணையே புது இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன் தொலைந்தாலும் ஊரில் இருப்பவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.

இந்தியில் நோட்டீஸ் அடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒடியா, வங்காளம், அசாமியா, சந்தாலி என்று பல மொழி பேசுபவர்கள் வந்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் பீகார்காரர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் ரயிலாக ஆட்கள் கிளம்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கு வந்து நேரில் பார்க்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்த நம்பகமான ஓர் ஆள் லைன் வீட்டில் இருந்ததுதான் எந்த நோட்டீஸையும்விட உதவியது.

ஒரே நாளில் 200 பேருக்குப் பை கொடுத்து போட்டோ எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடாவில் 1979இலிருந்து ஐந்து பேர் சேர்ந்து ஒரு அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கும் முறை இருக்கிறது: வழக்கமாக ஓராண்டுச் செலவு, கூடவே வீடு, பள்ளி, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் துணை. இப்படி வந்து குடியேறியவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நம் ஊரில் ஒரு கோவில் கமிட்டி ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் நிற்கலாம்.

கடைசியாகப் பிள்ளைகள். கம்பெனி ஷெட்டில் தனியாக ‘இந்தி வகுப்பு’ ஆரம்பித்து, அதையே பள்ளிக்கூடம் என்று விட்டுவிடாதீர்கள். எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டத்தில் அரசுப் பள்ளிக்குள்ளேயே, பிள்ளையின் மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். காலை உணவும் உண்டு. நம் பக்கத்தில் தடங்கல் பெரும்பாலும் டி.சி. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, டி.சி. தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு ஒரு ஒடிசாப் பையனோடு போனோம். தலைமையாசிரியர் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பையன் மத்தியானம் முட்டை சாப்பிடுவானுங்களா?” என்று மட்டும் கேட்டார்.