அயனிக் கற்றையில் வைக்க மீக்கடத்திப் படிகம் (குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது) கொண்டுபோகிறீர்களா?

புதிதாக வரும் மாணவர்கள் வருடா வருடம் அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கையுறை, லேபிள் விஷயமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

தடிமனைப் பார்க்காமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கன அயனி போன பாதை சில நானோமீட்டர் அகலத்தில் உருக்குலைந்து தூணாக நிற்கும். காந்தச் சுழல், அதாவது படிகத்துக்குள் இழை இழையாக நுழையும் காந்தப் புலம், அதில் மாட்டிக்கொண்டு நகராது. அதனால் படிகம் கூடுதல் மின்னோட்டம் தாங்கும். 1991-இல் சிவாலே குழுவினர் 580 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெள்ளீய அயனிகளைக் கொண்டு ஒய்பிசிஓ (இட்ரியம்-பேரியம்-தாமிர ஆக்சைடு மீக்கடத்தி) படிகத்தில் காட்டியது இதைத்தான். ஆனால் தூண் மேலிருந்து அடிவரை போக வேண்டும். தில்லியிலுள்ள பெல்லட்ரான் அயனி முடுக்கியில் கிடைக்கும் 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெள்ளி அயனி, ஒய்பிசிஓ-வில் பத்துப் பன்னிரண்டு மைக்ரானிலேயே நின்றுவிடும். அதற்கு முன்பே வேகம் குறைந்து, தூண் துண்டு துண்டாகிவிடும்.

ஒரு மாணவர் மாதக்கணக்கில் காத்திருந்து பீம் டைம் (கற்றையைப் பயன்படுத்தும் முறை) வாங்கினார். காந்தமாக்க வளையம் கொஞ்சம்தான் விரிந்திருந்தது; அது எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு மின்னோட்டம் தாங்கும். "இந்த அயனி சரிப்படாது சார்" என்றார். படிகத்தை விளிம்பில் நிறுத்தி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம்: 80 மைக்ரான்! பெரும்பகுதிக்கு அயனி போகவே இல்லை. வளையத்தின் அகலத்திலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிடும் பீன் மாதிரியில் முழுத் தடிமனையும் போட்டு வகுத்ததால், மேலடுக்கில் வந்த உயர்வும் கரைந்துவிட்டது. பீம் டைமும் போச்சு, அருமையாக வளர்த்த படிகமும் போச்சு.

அயனி எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிடும் எஸ்ஆர்ஐஎம் என்ற கணினி நிரலில் அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஒய்பிசிஓ-வின் அடர்த்தியை மட்டும் நிரலின் உத்தேசத்துக்கு விடாமல், கன சென்டிமீட்டருக்கு 6.3 கிராம் என்று நீங்களே போடுங்கள். பிஸ்மத் கலந்த மீக்கடத்திப் படிகத்தை செலோ டேப் ஒட்டி உரித்து மெலிதாக்கலாம். ஒய்பிசிஓ அப்படி உரியாது. மெல்லியதாகப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும்.

டோஸ் (விழும் அயனிகளின் எண்ணிக்கை) கூடக்கூட நல்லது என்று நினைப்பது

சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஐயாயிரம் கோடி அயனிகள் விழுந்தால், 1 டெஸ்லா புலத்தில் சுழலுக்கு ஒரு தூண் கிடைக்கும். அதை நூறு மடங்காக்கினால் தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். மீக்கடத்தும் பகுதியே பெருமளவு அழிந்துபோகும்.

நானோ ஆம்பியரை அப்படியே அயனிக் கணக்காக்குவது

ஒவ்வொரு அயனியும் பல மின்னூட்டங்களைச் சுமந்து வரும். அந்த மின்னூட்ட எண்ணாலும் வகுங்கள்.

கற்றையைக் கூட்டி சீக்கிரம் முடிப்பது

படிகம் சூடாகி ஆக்சிஜனை இழக்கும். அப்புறம் மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) இறங்கினால், காரணம் தூணா சூடா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

முன் அளவீடு இல்லாமல் போவது

கற்றையில் வைக்கும் அதே படிகத்தை, வைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பக்கத்துப் படிகம் ஒப்பீட்டுக்கு ஆகாது.