மீன் தொட்டியில் வேவ் மேக்கர்: எங்கே ஒட்டுவது, எப்படிச் சோதிப்பது

வேவ் மேக்கர் என்பது தொட்டிக்குள் கண்ணாடியில் ஒட்டி நீரை ஓடவைக்கும் சிறு பம்ப். அதை வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை லிட்டர் ஓட்டும் பம்ப் போடலாம்?" என்றுதான். எங்கே ஒட்டுவது என்பதை வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இடம் தவறினால் பெரிய பம்ப் மீனைத்தான் அலைக்கழிக்கும். கல்லிடுக்கில் கிடக்கும் கழிவு அங்கேயே கிடக்கும். இடம் அமைந்துவிட்டால் சிறிய பம்பே போதும்.

புதுச்சேரி, கடலூர் வெயிலில் நீரோட்டத்துக்கு மதிப்பு இன்னும் அதிகம். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.6 ஆகக் குறைந்துவிடும். வெப்பம் ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. மே மாத விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆக்சிஜன் நீரின் மேற்பரப்பு வழியாக உள்ளே இறங்குகிறது. ஆகவே பம்பின் முதல் வேலை மேற்பரப்பை அசைப்பது; கழிவைத் தள்ளுவது அதற்கு அடுத்தது.

முதலில் கணக்கு

நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 57 லிட்டர். நன்னீர் மீன்களுக்கு ஃபில்டரும் பம்பும் சேர்ந்து மணிக்குத் தொட்டி நீரைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு ஓட்டினால் போதும். இந்தத் தொட்டிக்கு மணிக்கு 300 முதல் 600 லிட்டர். இதில் மணிக்கு 3,000 லிட்டர் ஓட்டும் வேவ் மேக்கரை மாட்டுவது மீன்களுக்குத் தண்டனை. பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு இருபது மடங்குக்கு மேல் வேண்டியிருக்கும். அது வேறு கதை.

பிறகு படம்

ஒரு தாளில் தொட்டியை மேலிருந்து பார்ப்பதுபோல் வரையுங்கள். ஃபில்டர் நீரை உறிஞ்சும் வாய், வெளியே விடும் வாய், பெரிய கற்கள், மரக்கட்டை ஆகியவற்றைக் குறியுங்கள். ஓட்டத்தைக் கல் மறித்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. வடக்கே ஊர்க் கடற்கரையில் மணல் அரித்துப்போய்க் கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. தொட்டியிலோ கழிவு பெரும்பாலும் கல்லின் மறைவுப் பக்கத்தில், ஓட்டம் தளரும் இடத்தில் படியும். படத்தில் அந்த இடங்களை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும் இடம்

தொட்டியின் குறுகிய பக்கக் கண்ணாடியில், நீர்மட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீழே பம்பை ஒட்டுங்கள். நீர் வெளிவரும் முகம் எதிர்க் கண்ணாடியைப் பார்த்து, இம்மியளவு மேல்நோக்கி இருக்கட்டும். நீர் மேற்பரப்போடு ஓடி, எதிர்ச்சுவரில் மோதி, கீழிறங்கி, தரையை ஒட்டித் திரும்பிவரும். அப்படி வரும் நீர் கழிவையும் சேர்த்துக்கொண்டு வரும். அதனால் ஃபில்டரின் உறிஞ்சும் வாய் பம்ப் இருக்கும் அதே பக்கத்தில், அடியில் இருப்பது நல்லது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். ஃபில்டர் நீர் விடும் திசையும் பம்பின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் நடுவில் மோதி வேகம் இழக்கும்; கழிவெல்லாம் தொட்டியின் நடுவிலேயே விழும்.

காந்தப் பிடி உள்ள பம்பானால், எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடி வரை தாங்கும் என்று பெட்டியில் பாருங்கள். ரப்பர் பிடியானால் கண்ணாடியில் பாசி இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

தொட்டிக்குள் கையை விடும் முன் சுவிட்சை அணைப்பது கட்டாயம். பிளக்குக்குப் போகும் வயர், சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வீட்டு மின்பலகையில் மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் தடுப்பு சுவிட்ச் இல்லையென்றால், பம்ப் வாங்கும் காசில் முதலில் அதைப் பொருத்துங்கள். கடலோர வீடுகளில் பிளக்கின் ஊசிகள் உப்புக்காற்றில் பச்சை பிடிக்கும்; அவ்வப்போது பாருங்கள்.

சோதனை

ஒரு குச்சியின் நுனியில் அரை விரல் நீளப் பட்டுநூலைக் கட்டி, வட்டமிட்ட இடங்களில் எல்லாம் பிடித்துப் பாருங்கள். நூல் அசையாமல் தொங்கினால் அங்கே நீர் ஓடவில்லை. அடுத்து, பொடித்த மீன் தீவனத்தை ஒரு சிட்டிகை ஊறவைத்து பம்பின் முன் விடுங்கள். துகள் எங்கே சுற்றுகிறது, எங்கே இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடியில் மணல் பறந்து குழி விழுந்தால் பம்ப் தாழ்வாக இருக்கிறது, அல்லது முகம் கீழ்நோக்கி இருக்கிறது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்குமானால் முகத்தை இன்னும் சற்று உயர்த்துங்கள். கல்லுக்குப் பின்னால் மட்டும் கழிவு நின்றால் பம்பைத் தொடாதீர்கள். கல்லை இரண்டு விரல் தள்ளி வைத்து, பின்னால் நீர் போக வழி விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

பம்ப் உறுமி, நீர்க்குமிழியாகத் துப்பினால் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று பொருள். கோடையில் தொட்டிமேல் மின்விசிறி ஓடும் வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, நீர் அதற்குக் கீழே போகாமல் ஊற்றிவாருங்கள்.

மீன் என்ன சொல்கிறது?

ஓட்டம் மீனுக்குப் பொருந்துகிறதா என்பதை அது நீந்துவதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஸீப்ரா டேனியோவும், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளைச் சேர்ந்த மிஸ் கேரளாவும் ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதை விரும்பும். நீண்ட துடுப்புள்ள கப்பி, உருண்டை உடல் கோல்ட் ஃபிஷ் போன்றவை மூலையில் ஒதுங்கினால் வேகத்தைக் குறையுங்கள், அல்லது பம்பின் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். ஃபைட்டர் மீன் மட்டும் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பம்பே வேண்டாம். குட்டி மீன்கள் இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் பஞ்சு உறை போடுங்கள்.

கடின நீர் வரும் போர்வெல் வீடுகளில் பம்பின் உள்ளே வெள்ளைப் படிவம் கட்டும். மாதம் ஒருமுறை கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் போய்விடும்.

மழைக்காலத்துக்கு முன் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு இந்தப் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லாத ஊர்கள் உண்டு. நீண்ட மின்வெட்டு முடிந்து கரன்ட் வந்ததும் வேவ் மேக்கரை உடனே ஓட விடலாம். தொட்டிக்கு வெளியே வைக்கும், மூடிய கேனிஸ்டர் ஃபில்டரை மட்டும் அப்படி ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிக் கெட்ட நீரைக் கொட்டி, பஞ்சைத் தொட்டி நீரில் அலசிய பிறகே அதன் சுவிட்சைப் போடுங்கள்.