பாபநாசம் படித்துறையில் துணி அள்ளப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

விடுமுறை நாட்களில் கையுறையும் சாக்குமாகப் பாபநாசம் படித்துறைக்கு வந்து இறங்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணி, மலையை விட்டுச் சமவெளிக்கு வரும் இடம் இது. நவகைலாயங்கள் எனப்படும் ஒன்பது சிவாலயங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோவிலும், சற்று மேலே அகஸ்தியர் அருவியும் இருப்பதால், நீராட வருவோரும் சுற்றிப் பார்க்க வருவோரும் ஆண்டு முழுவதும் இங்கே இருப்பார்கள். பாவமும் தோஷமும் துணியோடு போகட்டும் என்று உடுத்திய உடையை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் வழக்கம்தான் இந்தப் படித்துறையின் பெரிய துயரம். அதை அகற்ற வருகிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலையிலும் ஆற்றுக்குத் தீங்கு நேரும் என்பதைச் சில ஆண்டுகள் துணி அள்ளிய பிறகே நானும் என்னுடன் வந்தவர்களும் புரிந்துகொண்டோம்.

முதல் தவறு, யாரையும் கேட்காமல் தண்ணீரில் இறங்குவது. மேலே 143 அடி கொள்ளளவு மட்டம் கொண்ட பாபநாசம் அணையும், 156 அடி கொண்ட சேர்வலாறு அணையும் இருக்கின்றன. பாசனத்துக்கும் மின் உற்பத்திக்கும் திறக்கப்படும் நீர், மழையே இல்லாத நாளிலும் ஆற்றின் மட்டத்தை மாற்றிவிடும். ஒருமுறை நாங்கள் பாறையிடுக்கில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது, காலையில் எண்ணி வைத்திருந்த படிகளில் மூன்று, ஒரு மணி நேரத்துக்குள் நீருக்குள் போயிருந்தன. கரையில் ஒருவரை நிறுத்தி, ஏதேனும் ஒரு படியை அடையாளமாக வைத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லும் வழக்கம் எங்களிடம் அன்று தொடங்கியதுதான். திறப்பு விவரத்தை முந்தைய நாளே நீர்வளத் துறையினரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அகஸ்தியர் அருவியும் சொரிமுத்து அய்யனார் கோவிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன என்பதால், அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் துப்புரவுப் பணி என்ற பெயரில் கூட்டமாக நுழைவது, அந்தப் பணியின் நோக்கத்துக்கே எதிரானது.

இனி துணி. பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த வேலையில்தான் தவறுகள் அதிகம். ஆற்றில் விடப்பட்ட சேலை, மேலே மிதந்துகொண்டு நமக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு முனை கல்லைச் சுற்றிக்கொள்ளும், மறுமுனையின் மேல் மணல் படியும், அதன் மேல் இன்னொரு வேட்டி வந்து முறுக்கிக்கொள்ளும். சில மாதங்களில் அது கயிறு போல இறுகிவிடும். புதிதாக வருகிறவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து தேர் வடத்தை இழுப்பதுபோல் இழுப்பார்கள். துணி பாதியில் கிழிந்து இழுத்தவர்கள் பாறையில் விழுவார்கள், இல்லையென்றால் கரையை ஒட்டிய மருத மரத்தின் வேரோடு சேர்ந்து மண்ணும் பெயர்ந்து வரும். இழுக்கவே கூடாது. ஒருவர் நீருக்குள் கைவிட்டுத் துணி எங்கே பிடித்திருக்கிறது என்று தடவிப் பார்க்க, அந்த இடத்தில் பன்னரிவாளால் அறுத்து, துண்டு துண்டாக எடுக்க வேண்டும். மணலுக்கு அடியில் ஆழமாகப் போய்விட்ட துணியைத் தோண்டி எடுக்க முனைவதைவிட, வெளியே தெரியும் பகுதியை மட்டும் அறுத்துவிட்டு, நீர் குறையும் கோடையில் மீண்டும் வருவது நல்லது.

எடுத்த துணியை அப்படியே கரையில் எறிவதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. நீரில் சில வாரங்கள் கிடந்த ஒரு சட்டையை மெல்ல விரித்துப் பாருங்கள். காலர் மடிப்பில் கூனி இறால்கள் கண்ணாடித் துண்டுகள் போல நெளியும், கைப்பகுதிக்குள் அயிரைக் குஞ்சு ஒன்று மணலோடு ஒட்டிக் கிடக்கும், பைக்குள் நகக்கண் அளவு நண்டு இருக்கும், தட்டான்பூச்சியின் இளம்புழுக்களும் இருக்கும். குப்பை என்று நாம் நினைத்தது அவற்றுக்கு வீடாகிவிட்டிருக்கிறது. கரையில் வெயிலில் போட்டால் அவை சிறிது நேரத்தில் மடிந்துபோகும். ஆகவே ஒவ்வொரு துணியையும் நீரோட்டம் குறைவான இடத்தில், நீருக்குள்ளேயே இரண்டு மூன்று முறை அலசி உதறிவிட்டு மேலே எடுக்க வேண்டும். இதனால் வேலையின் வேகம் பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மணலும் நீரிலேயே உதிர்ந்துவிடுவதால், சுமக்கும் பாரமும் குறைகிறது.

கரையில் குவித்து வைத்துவிட்டு, "நாளை வண்டி வரும்" என்று கிளம்பிவிடுவது அடுத்த தவறு. அன்றிரவு மழை பெய்தாலோ, அணை திறக்கப்பட்டாலோ அந்தக் குவியல் மறுபடியும் ஆற்றுக்குள்தான் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையின் வெள்ளம் வடிந்த பிறகு, கரையோர மரங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே துணிகள் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெள்ளம் எதுவரை ஏறும் என்பதை அந்தக் கந்தல்களே காட்டின. அங்கே தங்காதவை கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை உள்ள எட்டு அணைக்கட்டுகளின் மதகுகளிலும் வாய்க்கால்களிலும் போய் அடைத்துக்கொள்ளும். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கும் நீர் இந்த ஆற்றில்தான் வருகிறது. எனவே வண்டியையும், துணி போய்ச் சேர வேண்டிய இடத்தையும் நகராட்சியுடன் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே பணிக்கு நாள் குறிக்க வேண்டும். வண்டி இல்லாத நாளில் ஆற்றில் இறங்காமல் இருப்பதே மேல்.

எஞ்சிய ஈரத் துணியைக் கரையிலேயே எரித்துவிடும் பழக்கமும் சில குழுக்களிடம் இருக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி உருகிப் பாறையில் கருந்தார் போல ஒட்டிக்கொள்ளும், அதை எவராலும் சுரண்டி எடுக்க முடியாது, புகையோ நீராட வந்தவர்களின் மேல்தான் போகும். சாம்பல் அடுத்த மழையில் ஆற்றுக்குத்தான் போய்ச் சேரும். துணியை நீர் வடியும்வரை பாறையில் விரித்து, பருத்தியைத் தனியாகவும் பாலியஸ்டரைத் தனியாகவும் பிரித்துக் கட்டினால், வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. மணலும் ஈரமுமாகக் கலந்து கட்டிய மூட்டையை எவரும் வாங்க மாட்டார்கள்.

இங்கே எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரே நாளில் இத்தனை டன் அகற்றினோம்" என்று அறிவிப்பதில் எல்லாக் குழுக்களுக்கும் ஆசை இருக்கிறது, எங்களுக்கும் இருந்தது. ஈரச் சேலை, காய்ந்த சேலையைப் போலப் பல மடங்கு எடை கொண்டது என்பதால், நாம் நிறுத்துப் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரையும் மணலையும்தான். அதைவிட மோசம், எடையைத் துரத்தத் தொடங்கினால் கனமானவற்றை மட்டுமே கை தேடும். ஷாம்பு பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிய அந்தச் சிறு முக்கோணத் துண்டுக்கு எடையே இல்லை. ஆனால் படிகளின் இடுக்கில் ஒரு முழ நீளத்துக்குள் அவற்றை நான் முப்பதுக்கும் மேல் பொறுக்கியிருக்கிறேன். மீன்களுக்குப் பொரி போடும் இடத்துக்கு மிக அருகில்தான் அவை கிடந்தன. பெரிய பாக்கெட்டைப் பொறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், மூலைத் துண்டைப் பொறுக்குகிறவர்கள் இல்லை. குழுவில் இரண்டு பேரையாவது இதற்கென்று படிகளில் உட்கார வைக்க வேண்டும். குழந்தைகளை அழைத்து வருகிறவர்களுக்கு, நீருக்குள் இறக்காமல் தருவதற்கு ஏற்ற வேலையும் இதுதான்.

சுத்தம் என்றால் வெறுமை என்று எண்ணுவது இன்னொரு பிழை. நாணலும் கோரையும் புதர்போல மண்டியிருப்பது நகரத்திலிருந்து வருகிறவர்களின் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியலாம். அவற்றை வெட்டிச் சமன் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்ட குழுவினரையும் கண்டிருக்கிறேன். கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர்கள்தான், மீன் குஞ்சுகள் ஒதுங்குவதும் அவற்றின் அடியில்தான். கரையில் கிடக்கும் காய்ந்த இலைச் சருகையும் பட்டுப்போன கிளையையும் அகற்ற வேண்டியதில்லை. கற்களைப் புரட்டி அடுக்குவதும் வேண்டாம். கோடையில் மணல் திட்டிலும் கூழாங்கற்களுக்கு நடுவிலும் ஆட்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கும், கல்லுக்கும் முட்டைக்கும் வேறுபாடு தெரியாது. தலைக்கு மேல் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டு சுற்றினால், நின்ற இடத்திலிருந்து வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆகாயத்தாமரை மட்டும் இதற்கு விலக்கு. கீழே நெல்லைப் பகுதியில் அதை அகற்றும்போது, துண்டுகள் நீரோடு போகவிடாமல் முழுதாக எடுத்து, கரையிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும்.

பக்தர்களோடு பேசும் முறையில் நாங்கள் செய்த தவறு எனக்கு இன்றும் உறுத்துகிறது. கணவரின் காரியம் முடித்துவிட்டு, அவருடைய வேட்டியையும் துண்டையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கி வந்த மூதாட்டி ஒருவரிடம், எங்களில் ஒரு பையன், "ஆத்துல போடாதீங்க, தப்பு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. கையில் பையோடு வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு எங்களுக்குத் தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் போய் ஆற்றில் விட்டுவிட்டுப் போனார். அதட்டியதால் ஆற்றுக்கு ஒரு பயனும் இல்லை, துக்கத்தில் இருந்தவரின் மனம் நொந்ததுதான் மிச்சம். இப்போது நாங்கள் நீரின் ஓரத்தில் ஒரு கூடையோடு நிற்கிறோம். "நனைச்சு என் கையில குடுங்கம்மா, நான் வாங்கிக்கிறேன்" என்று சொன்னால் பெரும்பாலானோர் கொடுத்துவிடுகிறார்கள். துணியை நீரில் நனைத்துக் கரையில் விட்டாலே போதும் என்று தர்ப்பணம் செய்து வைக்கும் புரோகிதரே சொல்லிவிட்டால், நாங்கள் பேசவே தேவை இருப்பதில்லை. ஆகவே பக்தர்களிடம் பேசுவதற்கு முன்பு புரோகிதர்களிடமும், கரையில் துணியும் பூசைப் பொருளும் விற்கும் கடைக்காரர்களிடமும் போய்ப் பேசுங்கள். அந்தப் படித்துறையில் ஆண்டு முழுவதும் இருப்பவர்கள் அவர்கள்தான்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவை நீரில் கரைந்த பிறகு எந்தத் தன்னார்வலராலும் அவற்றை அள்ள முடியாது என்பதால், அதற்கும் இறங்கும் வழியில் நின்று பேசுவது ஒன்றே வழி.

நாம் கொண்டுவரும் குப்பையும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும், ஆற்றைக் காக்க வந்தவர்களுக்கே பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டில் காலை உணவு வழங்கப்படுவதைப் பார்க்கிறோம். வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். பெயர் பொறித்த பேனரை மரத்தில் ஆணியடித்துக் கட்டுவதும், பாறையில் பெயின்டால் வாசகம் எழுதுவதும் வேண்டாம். உணவுக் கழிவு உள்ள பையைக் கரையில் விட்டால் குரங்குகள் கிழித்து நான்கு திசையிலும் இறைத்துவிடும். காலில் செருப்பு போதாது, கட்டும் ஷூ அவசியம், ஏனென்றால் உடைந்த மது பாட்டில்கள் துணிக்கு அடியில்தான் கிடக்கும். கையிலோ காலிலோ புண் இருப்பவர் நீரில் இறங்காமல் கரையில் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும், எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் உடலுக்குள் போகும்.

நாள் தேர்வில் எல்லோரும் ஆடி அமாவாசைக்கு மறுநாளைத்தான் குறித்துக்கொள்கிறார்கள். அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கி வழிபடும் கூட்டமும், பாபநாசத்தில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டமும் கலைந்த பிறகு போனால், ஆறு ஏற்கனவே பாதித் துணியைக் கீழே கொண்டுபோயிருக்கும். அமாவாசை அன்று விடியற்காலை நான்கு மணிக்குக் கூடையோடு படியில் நிற்கும் பத்துப் பேர், மறுநாள் சாக்கோடு வரும் நூறு பேரைவிட அதிகத் துணியை ஆற்றுக்குப் போகாமல் தடுக்கிறார்கள். மண்ணுக்குள் புதைந்ததை எடுப்பதற்கு ஏற்ற காலம் ஏப்ரலும் மே மாதமும். கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் நீர் திறக்கும் வழக்கம் இருப்பதால், அதற்குப் பிறகு அடிமணல் தெரியாது.

கடைசியாக, படம் எடுத்த நாளோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வது. நாங்கள் இப்போது கோவிலுக்கு எதிரே உள்ள ஒரே ஒரு படித்துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, துப்புரவுக்கு ஏழு நாள் கழித்து இருவர் மட்டும் போய், அங்கே புதிதாகக் கிடக்கும் துணிகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வருகிறோம். சேலை எத்தனை, வேட்டி எத்தனை, சட்டை எத்தனை, எந்தப் படியில் என்று நான்கு பத்திகள். துணி போடும் கூடை இறங்கும் வழிக்கு இடப்பக்கம் இருந்தபோது வந்த எண்ணிக்கையும், உடை மாற்றும் அறையின் வாசலுக்கு அதை நகர்த்திய பிறகு வந்த எண்ணிக்கையும் அந்த நோட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. கூடையை நாங்கள் மறுபடி இடம் மாற்றவில்லை.