வெளிநாட்டு டிவிடி நம் வீட்டில் ஓடுமா? படிப்படியாகப் பார்ப்போம்

லண்டனிலும் கனடாவிலும் சொந்தக்காரர் இருக்கிற வீடுகள் திருகோணமலையில் ஏராளம். அவர்கள் கொண்டுவந்து தரும் டிவிடி ஓடாவிட்டால் உடனே எறிந்துவிடாதீர்கள், அனேகமாக டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் உறையின் பின்பக்கம். சின்ன உலக உருண்டைப் படத்துக்குள் ஒரு எண் இருக்கும், அதுதான் ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளில் ஓடுவதற்கென்று விற்கப்பட்டது என்கிற குறி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் 5, கனடா, அமெரிக்காவுக்கு 1, பிரிட்டனுக்கு 2, அவுஸ்திரேலியாவுக்கு 4. 'ஆல்' அல்லது 0 என்றிருந்தால் எங்கும் ஓடும். புளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: நமக்கு சி, பிரிட்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பி, கனடாவுக்கு ஏ. 4கே புளூரேக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை.

அடுத்து பிளேயர். அதன் முதுகிலும் இதே குறி இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். கணினியில் போடும்போது மட்டும் கவனம்: ரீஜனை மாற்றவா என்று கேட்டால் யோசிக்காமல் சரி என்று அழுத்தாதீர்கள், டிரைவில் ஐந்து தடவைதான் மாற்றலாம், அப்புறம் கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, பால் (PAL) அல்லது என்டிஎஸ்சி (NTSC), அதாவது டிவி படத்தைக் காட்டும் இரண்டு வேறு முறைகள். இது ரீஜனோடு சம்பந்தமில்லாத வேறு விஷயம், பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நாமும் பிரிட்டனும் பால் (576 வரி, நொடிக்கு 25 படம்), கனடா என்டிஎஸ்சி (480 வரி, கிட்டத்தட்ட 30 படம்). கலியாண வீடியோ போல வீட்டில் பதிந்த டிஸ்க்குக்கு வழக்கமாக ரீஜன் இருக்காது, ஆனால் இந்த வித்தியாசம் இருக்கும். ரொறன்ரோவிலிருந்து வந்த கலியாண டிஸ்க் பழைய டிவியில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தாலோ படம் உருண்டாலோ பிளேயர் செட்டப்பில் டிவி சிஸ்டத்தை 'மல்டி' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். நீங்கள் இங்கிருந்து அனுப்பும்போதுதான் சிக்கல் அதிகம், ஏனென்றால் கனடாவிலுள்ள பல பிளேயர்கள் பால் டிஸ்க்கை ஏற்காது. பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவை அங்கே அம்மம்மா பார்க்க வேண்டுமென்றால், பென் டிரைவில் கோப்பாகவும் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, 150 நிமிடப் படம் பால் டிஸ்க்கில் 144 நிமிடம்தான் ஓடும். வெட்டவில்லை, நொடிக்கு 24 படம் என்று எடுத்ததை 25 ஆக ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாகத் திரை வடிவம். உறையில் 4:3, 16:9, 2.35:1 என்று படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் போட்டிருக்கும். இப்போதைய டிவி 16:9, ஆகவே 2.35:1 படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும், அதில் எதுவும் மறையவில்லை. ஸூம் போட்டு நிரப்பினால்தான் இரண்டு பக்கமும் ஆட்கள் வெட்டுப்படுவார்கள்! பழைய 4:3 வீடியோவில் முகங்கள் அகன்று தெரிந்தால் ரிமோட்டில் படவடிவத்தை 4:3 ஆக்குங்கள். பிளேயர் செட்டப்பில் டிவி வடிவம் 16:9 என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள், பழைய பிளேயர்கள் சில 4:3 இலேயே நிற்கும்.