தூத்துக்குடி டு ஜோர்ஹாட்: விமானத் தூரமும் நேரமும் நாமே கணக்கிடலாம்

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் மகன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது அஸ்ஸாமில், ஜோர்ஹாட்டில் பணி. "தம்பி, பிளேன்ல போனா அவனைப் பார்க்க எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று அக்கா கேட்டார். நாங்கள் சாயல்குடிக்காரர்கள். எங்களுக்குத் தோது தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம். அங்கிருந்து ஜோர்ஹாட்டுக்கு நேரடி விமானம் இல்லை. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு தாளும் செல்போன் கால்குலேட்டரும் போதும்.

படி 1: இடக்குறியீடு எடுங்கள்

கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை.

தூத்துக்குடி: 8.72, 78.03
ஜோர்ஹாட்: 26.73, 94.18

படி 2: கடல் மைலாக மாற்றுங்கள்

இது நம் கடற்கரைக்குப் பழகிய கணக்கு. மூக்கையூரில் என் பெரியப்பாவின் படகில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டியும் இதே எண்களைத்தான் காட்டுகிறது. அட்சரேகையில் ஒரு பாகை 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

வடக்கே போக வேண்டியது 18.01 பாகை. 60-ஆல் பெருக்கினால் 1081 கடல் மைல்.

கிழக்கே 16.15 பாகை. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பூசணிக்காயின் வரிகள் நடுவில் அகன்றும் காம்பருகே நெருங்கியும் இருக்கும் அல்லவா, தீர்க்கரேகைகளும் அப்படித்தான். துருவத்தை நோக்கிப் போகப் போக இடைவெளி குறையும். ஆகவே இரண்டு ஊர்களின் அட்சரேகைக்கும் நடுவே உள்ள 17.7 பாகைக்கு கோசைன் பாருங்கள்: 0.953. இப்போது 16.15 × 60 × 0.953 = 923 கடல் மைல்.

படி 3: பிதாகரஸ்

பள்ளியில் படித்ததுதான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1421 கடல் மைல், அதாவது சுமார் 2630 கிலோமீட்டர். பூமியின் வளைவை முழுதாகச் சேர்த்துப் பார்த்தாலும் சில கிலோமீட்டர்தான் மாறுகிறது.

படி 4: நேரம்

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கிலோமீட்டர், ஏடிஆர் போன்ற விசிறி விமானத்துக்கு 500 என்று வையுங்கள். ஏறி இறங்க அரை மணி சேருங்கள். ஜெட்டில் நேராகப் பறந்தால் மூன்றே முக்கால் மணி.

ஆனால் நாம் சென்னையிலும் கொல்கத்தாவிலும் மாறித்தான் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போடுங்கள்.

தூத்துக்குடி–சென்னை, ஏடிஆர்: 530 கிமீ, 1 மணி 35 நிமிடம்
சென்னை–கொல்கத்தா: 1385 கிமீ, 2 மணி 15 நிமிடம்
கொல்கத்தா–ஜோர்ஹாட்: 735 கிமீ, 1 மணி 25 நிமிடம்

கூட்டினால் 2650 கிலோமீட்டர். எனக்கே ஆச்சரியம்! சென்னையும் கொல்கத்தாவும் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே இருப்பதால் தூரம் அதிகம் கூடவில்லை. பறக்கும் நேரம்தான் ஐந்தேகால் மணியாகிறது, ஏனென்றால் ஏறி இறங்குவது மூன்று தடவை, ஏடிஆரின் வேகமும் குறைவு.

படி 5: தரைக் கணக்கு

சாயல்குடியிலிருந்து வாகைக்குளத்துக்குக் காரில் இரண்டு மணி. விமானத்துக்கு இரண்டு மணி முன்னால் போக வேண்டும். மாறும் இடங்களில் இரண்டிரண்டு மணியாவது வையுங்கள். ஆக, பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று கட்டத்தையும் ஒரே பிஎன்ஆரில் எடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்தது நமக்காக நிற்காது.

அக்காவுக்கு வயது அறுபது. கொல்கத்தாவில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை விமானத்தில் போகச் சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் ஜோர்ஹாட்டில் நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வெளிச்சத்தில் போய் இறங்கினால் மகன் வந்து கூட்டிப்போகத் தோதாக இருக்கும்.