ரேக்கில் பொருத்தும் ஃபயர்வால்: எந்தத் துளை எதற்கு, எந்தப் பட்டனை எப்போது தொடலாம்?

நெட்வொர்க்குக்குள் வருவதையும் வெளியே போவதையும் சோதித்து அனுமதிக்கும் கருவிதான் ஃபயர்வால். புதிய ஃபயர்வால் ஒன்றை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது வரிசையாக இருக்கும் சதுரத் துளைகள்தான். அவற்றில் பல அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எல்லாம் ஆர்ஜே45 வடிவம், எல்லாவற்றுக்கும் உள்ளே எட்டுக் கம்பிகள். ஆனால் ஒன்றில் சீரியல் முறையில் எழுத்துகள் மட்டுமே ஓடும், இன்னொன்றில் நிர்வாகப் பக்கம் திறக்கும், மூன்றாவதில் நெட்வொர்க்கின் போக்குவரத்து முழுவதும் கடந்து போகும், நான்காவதோ, அருகிலிருக்கும் மாற்றுக் கருவியோடு மட்டுமே பேசும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை, துளையின் வடிவத்தைப் பார்த்துக் கேபிளைச் செருகிவிடுவதால் வருபவை. எனவே துளைக்கு மேல் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்த பிறகே கேபிளைக் கையில் எடுங்கள்.

நான் ஒரு கருவியை நிறுவும்போது பின்பற்றும் வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன்: முதலில் எர்த், அடுத்து மின்சாரம், அதன்பின் கன்சோல், பிறகு நிர்வாகப் போர்ட் (கேபிள் செருகும் துளையைத்தான் போர்ட் என்கிறோம்), அவையெல்லாம் சரியான பின்னரே தரவுப் போர்ட்டுகள்.

படி 1: ரேக்கில் ஏற்றும் முன் சுற்றிப் பாருங்கள்

கருவிகளை அடுக்கிப் பொருத்தும் சட்டமான ரேக்கின் அகலம் 19 அங்குலம். உயரத்தை 'யூ' என்ற அலகில் சொல்வார்கள். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. சிறிய, நடுத்தர ஃபயர்வால்கள் பெரும்பாலும் ஒரு யூ அல்லது இரண்டு யூ உயரத்தில் அடங்கிவிடும். மேலே ஏற்றிவிட்டால் அடிப்பக்கமும் பின்பக்கமும் எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்பதால், மேசையில் இருக்கும்போதே சீரியல் எண் ஒட்டியிருக்கும் இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உரிமத்தைப் பதிவு செய்யவும், பழுது என்றால் உற்பத்தியாளரை அழைக்கவும் அந்த எண் வேண்டியிருக்கும்.

மின்விசிறிகள் எந்தப் பக்கம் காற்றை இழுத்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதையும் பாருங்கள். ரேக்கில் உள்ள மற்ற கருவிகள் குளிர்ந்த காற்றை எடுக்கும் பக்கத்திலிருந்தே இதுவும் எடுக்க வேண்டும். கருவியை ரேக்கில் பிடித்துவைக்க முன்பக்கம் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகளைக் காதுகள் என்பார்கள். இரு காதுகளிலும் திருகாணிகளை முழுமையாக இறுக்குங்கள். நீளமான, கனமான கருவியாக இருந்தால் முன்பக்கக் காதுகளை மட்டும் நம்பாமல் பக்கவாட்டு ரெயிலும் கட்டாயம் போடுங்கள்.

படி 2: எர்த் திருகு

பின்பக்கத்தில், ஒரு செங்குத்துக் கோட்டின் கீழ் மூன்று படுக்கைக் கோடுகள் சிறுத்துக்கொண்டே போகும் குறியீட்டோடு ஒரு திருகு இருக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த வயரை இந்தத் திருகிலிருந்து ரேக்கின் எர்த் பட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற எதற்கும் முன்னால் இணைக்க வேண்டியதும், கருவியைக் கழற்றும்போது கடைசியாக எடுக்க வேண்டியதும் இந்த வயர்தான். வயர் தொடும் இடத்தில் பெயின்ட் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டு, உலோகத்தோடு உலோகம் சேரும்படி இறுக்குங்கள்.

படி 3: மின் இணைப்பு, பவர் பட்டன்

கருவியில் உள்ள மூன்று முள் மின்வாய்க்கு சி14 என்று பெயர். அதில் செருகும் வயரின் முனை சி13. பன்னாட்டுத் தரத்தில் இது 10 ஆம்பியர் வரைக்கானது. அதிக மின்சாரம் கேட்கும் பெரிய கருவிகளில் 16 ஆம்பியருக்கான சி20 வாயும் சி19 முனையும் இருக்கும். இவை அளவிலேயே பெரியவை என்பதால் ஒன்றை மற்றொன்றில் மாற்றிச் செருக முடியாது.

இரண்டு பவர் சப்ளை உள்ள கருவி என்றால், ஒன்றை ஒரு மின்பட்டையிலும் மற்றதை வேறொரு மின்பாதையிலிருந்து வரும் இன்னொரு பட்டையிலும் இணைக்க வேண்டும். இரண்டையும் ஒரே பட்டையில் செருகினால், அந்தப் பட்டையின் பிரேக்கர் விழும்போது இரண்டும் சேர்ந்தே அணைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சப்ளை அந்த வேளையில் எந்த உதவியும் செய்யாது. நான் பார்த்த பல ரேக்குகளில் இந்தத் தவறு இருந்தது, எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

சில கருவிகளில் பவர் பட்டனே இருக்காது. வயரைச் செருகியதும் இயங்கத் தொடங்கிவிடும். பட்டன் உள்ள பல கருவிகளில் ஒருமுறை லேசாக அழுத்தினால் முறையாக அணைவதற்கான ஆணை போகும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மின்சாரம் சட்டென்று துண்டிக்கப்படும். ஃபயர்வாலுக்குள்ளும் சேமிப்பு வட்டு இருக்கிறது, அதில் பதிவுகள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கினால் கோப்பு அமைப்பு கெட்டுப்போகக்கூடும் என்பதால், நிர்வாகப் பக்கத்திலோ கன்சோலிலோ அணைக்கும் ஆணையைக் கொடுத்து, அது முடிந்த பிறகே வயரைத் தொடுங்கள்.

படி 4: கன்சோல் போர்ட்

மடிக்கணினியை நேரடியாக இணைத்து, எழுத்து ஆணைகளால் கருவியோடு பேசும் வழிதான் கன்சோல். இந்தப் படிக்கு நிதானமாக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லா வழிகளும் அடைபட்டாலும் திறந்திருக்கும் வாசல் இதுதான். ஐபி முகவரி மறந்துபோனாலும், விதி ஒன்றைத் தவறாக எழுதி உங்களையே வெளியே பூட்டிக்கொண்டாலும், கருவி பாதியில் நின்று துவங்க மறுத்தாலும், என்ன நடக்கிறது என்பதைக் கன்சோல் சொல்லும்.

கருவியோடு வரும் கன்சோல் கேபிள் பல நேரம் வெளிர்நீல நிறத்தில் தட்டையாக இருக்கும். ஒரு முனையில் ஆர்ஜே45, மறுமுனையில் பழைய ஒன்பது முள் சீரியல் இணைப்பான் அல்லது யூஎஸ்பி. சாதாரண நெட்வொர்க் கேபிளை இதற்குப் பதிலாகப் பயன்படுத்த முடியாது. புதிய கருவிகளில் கன்சோலுக்கென்றே மைக்ரோ யூஎஸ்பி அல்லது டைப்-சி வாயும் இருக்கும். அதற்குச் சில மடிக்கணினிகளில் டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும்.

கேபிளை இணைத்தபின் மடிக்கணினியில் புட்டி போன்ற ஒரு டெர்மினல் நிரலைத் திறந்து, சீரியல் முறையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான கருவிகளுக்கு வேகம் 9600, தரவு பிட் 8, பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. சில கருவிகள் 115200 வேகத்தைக் கேட்கும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைத்தவுடன் திரை கறுப்பாகவே இருக்கும். எதுவும் வரவில்லையே என்று கேபிளைப் பிடுங்காமல், ஒருமுறை என்டர் விசையைத் தட்டுங்கள். பயனர் பெயர் கேட்கும் வரி வந்தால் இணைப்பு சரி. வரிக்குப் பதிலாகப் புரியாத குறிகள் கொட்டினால், கேபிளில் குறையில்லை, வேகத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தொடக்க காலத்தில் ஒருநாள் இரவு, ஒரு ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கம் திறக்கவில்லை என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடினேன். ஐபி முகவரியை மாற்றினேன், உலாவியை மாற்றினேன், மடிக்கணினியையே மாற்றினேன். கடைசியில் குனிந்து போர்ட்டைப் பார்த்தபோது அதன் ஓரத்தில் விளக்கே இல்லை என்பது தெரிந்தது. நெட்வொர்க் கேபிள் கன்சோலில் இருந்தது. நிர்வாகப் போர்ட் அதற்கு அடுத்த துளை. அன்றிலிருந்து, இணைப்பு வரவில்லை என்றால் திரையைப் பார்ப்பதற்கு முன் போர்ட்டின் விளக்கைப் பார்க்கிறேன். என் தவறால் அன்று கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எப்போதும் அப்படி அமையாது. எதிர்முனையைச் சோதிக்காமலே 24 அல்லது 48 வோல்ட்டை நெட்வொர்க் கேபிள் வழியாக நேரடியாக அனுப்பும் பாசிவ் பிஓஇ இன்ஜெக்டரின் கேபிள் கன்சோலில் நுழைந்தால், அந்தப் போர்ட் கருகிப்போகக்கூடும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கன்சோலைத் தொட முடிந்தவரால், பல கருவிகளில் துவக்கத்தை இடைமறித்துக் கடவுச்சொல்லையே மாற்றிவிட முடியும். ரேக்கின் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 5: நிர்வாகப் போர்ட்

ஆங்கிலத்தில் 'மேனேஜ்மென்ட்' என்பதன் சுருக்கமாக நான்கெழுத்து அச்சிட்டிருக்கும். அமைப்புகளை மாற்றவும், பதிவுகளைப் படிக்கவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் இது பயன்படும். வழக்கமான போக்குவரத்து இதன் வழியாகப் போகாது. பல ஃபோர்டிகேட் கருவிகளில் தொடக்க முகவரி 192.168.1.99, பாலோ ஆல்ட்டோ கருவிகளில் பெரும்பாலும் 192.168.1.1. உங்கள் கருவியின் முகவரியைக் கையேட்டில் உறுதி செய்துகொண்டு, மடிக்கணினிக்கு அதே வரிசையில் வேறொரு முகவரியை, எடுத்துக்காட்டாக 192.168.1.50 என்பதை, 255.255.255.0 என்ற மாஸ்க்கோடு கொடுத்து, கேபிளை நேரடியாக இணைத்து, உலாவியில் கருவியின் முகவரியைத் திறங்கள். சான்றிதழ் நம்பகமானதல்ல என்று ஓர் எச்சரிக்கை வரும். கருவி தனக்குத்தானே கையொப்பமிட்ட சான்றிதழைக் காட்டுவதால் வருவது அது. கேபிள் நேரடியாக உங்கள் கையில் இருக்கும் இந்த முதல் முறையில் அதைக் கடந்து போகலாம்.

முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. பிறகு இந்தப் போர்ட்டை நிர்வாகிகளுக்கான தனி விலேனில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதியில்) வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இதை இணையத்தின் பக்கம் திறந்துவிடாதீர்கள்.

படி 6: தரவுப் போர்ட்டுகள்

இவற்றில் எது வெளி இணையம், எது உள் நெட்வொர்க் என்பதைச் சிறிய கருவிகள் அச்சிலேயே சொல்லிவிடும். பெரிய கருவிகளில் எண் மட்டுமே இருக்கும், பொறுப்பை நீங்கள்தான் ஒதுக்க வேண்டும். எண் வரிசை எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். சிலவற்றில் மேல்வரிசை ஒற்றைப்படை, கீழ்வரிசை இரட்டைப்படை. சிலவற்றில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும்.

ஒரு கிகாபிட் வேகத்துக்குக் கேட்5இ கேபிள் போதும், நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. போர்ட்டின் ஓரத்தில் உள்ள விளக்குகளில் ஒன்று இணைப்பையும் மற்றது போக்குவரத்தையும் காட்டும். எந்த நிறம் எந்த வேகம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். விளக்கு எரிந்தும் வேகம் நொண்டுகிறது என்றால், ஒரு முனையில் வேகமும் டூப்ளெக்ஸும் (அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்திலா, மாறிமாறியா என்பது) கையால் நிர்ணயிக்கப்பட்டு மறுமுனை தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சில கருவிகளில் இரண்டிரண்டு போர்ட்டுகளைக் கோட்டால் சேர்த்து 'பைபாஸ்' என்று குறித்திருப்பார்கள். மின்சாரம் போனால் உள்ளிருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் அந்த இரண்டையும் ஒரே வயர் போல இணைத்துவிடும்; போக்குவரத்து நிற்காது, ஆனால் சோதனையும் நடக்காது. இணையத்தின் வாசலில் நிற்கும் ஃபயர்வாலுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 7: எஸ்எஃப்பி கூண்டுகள்

செவ்வக வாயாக, ரப்பர் மூடியோடு இருப்பவை எஸ்எஃப்பி கூண்டுகள். இவற்றில் நேரடியாகக் கேபிள் போகாது. விரலளவான ஒரு மாட்யூலைச் செருகி, அதில்தான் ஃபைபரை, அதாவது ஒளியிழைக் கேபிளை, இணைக்க வேண்டும். எஸ்எஃப்பி 1 கிகாபிட். எஸ்எஃப்பி+ 10 கிகாபிட். எஸ்எஃப்பி28 25 கிகாபிட். மூன்றும் ஒரே அளவில் இருப்பதால் எதையும் எதிலும் செருகிவிடலாம், ஆனால் வேலை செய்யும் என்று பொருளல்ல. 10 கிகாபிட் மாட்யூல் 1 கிகாபிட் கூண்டில் இயங்காது. சற்று அகலமாக இருப்பவை க்யூஎஸ்எஃப்பி வகை, 40 அல்லது 100 கிகாபிட்டுக்கானவை.

மாட்யூலும் ஃபைபரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 10 கிகாபிட்டில் குறைந்த தூரத்துக்கான எஸ்ஆர் மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியை மல்ட்டிமோட் ஃபைபரில் அனுப்பும். ஓஎம்3 வகை ஃபைபரில் 300 மீட்டர் வரை போகும். அதிக தூரத்துக்கான எல்ஆர் மாட்யூல் 1310 நானோமீட்டரில், சிங்கிள்மோட் ஃபைபரில் 10 கிலோமீட்டர் வரை போகும். சிங்கிள்மோட் கேபிளின் உறை வழக்கமாக மஞ்சள், ஓஎம்3 கடல்நீலம்.

மாட்யூலைத் தள்ளும்போது 'க்ளிக்' என்ற சிறு ஓசை கேட்க வேண்டும். கழற்றும்போது முதலில் ஃபைபரை எடுத்து, மாட்யூலின் கம்பி வளையத்தை மடக்கி, அதைப் பிடித்தே இழுக்க வேண்டும். ஃபைபர் முனையின் மூடியைச் செருகும் நொடி வரை கழற்றாதீர்கள். விரல்பட்ட முனையில் படியும் எண்ணெய்ப்பசையே இணைப்பைக் கெடுத்துவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் மாட்யூலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த லேசர் அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடும். எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், ஒரு முனையில் மட்டும் இரட்டை இழைகளை இடம் மாற்றிப் பாருங்கள். அனுப்பும் துளை எதிர்முனையின் பெறும் துளையைத்தான் சந்திக்க வேண்டும்.

படி 8: ஹெச்ஏ, யூஎஸ்பி, ரீசெட்

ஒன்று பழுதானால் மற்றது வேலையை ஏற்கும்படி இரண்டு ஃபயர்வால்கள் இணையாக இயங்கும் ஏற்பாட்டுக்கு ஹெச்ஏ என்று பெயர். அங்கே ஹெச்ஏ போர்ட்டுகள் ஒன்றின் நிலையை மற்றதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தப் பேச்சு அறுந்தால் இரண்டும் தானே முதன்மை என்று எண்ணி ஒரே முகவரியோடு எழுந்து நிற்கும், நெட்வொர்க் குழம்பிவிடும். ஆகவே இரண்டு கேபிள்களை, நடுவில் சுவிட்ச் இல்லாமல், நேரடியாக இணையுங்கள்.

யூஎஸ்பி வாய் அமைப்புக் கோப்பை நகலெடுக்கவும் மென்பொருளை மீட்கவும் பயன்படும். பயன்படுத்தாதபோது முடக்கி வைக்கலாம்.

ஊசித்துளைக்குள் ஒளிந்திருக்கும் ரீசெட் பட்டன் சில கருவிகளில் மறுதுவக்கம் மட்டும் செய்யும், சிலவற்றில் அழுத்திப் பிடித்தால் எல்லா விதிகளையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடும். உங்கள் மாடலின் கையேட்டைப் படிக்காமலும், அமைப்புக் கோப்பின் நகல் வெளியே பத்திரமாக இல்லாமலும் அதன் அருகே ஊசியைக் கொண்டுபோகாதீர்கள்.

கதவை மூடும் முன்

ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். அமைப்புக் கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பவர் சப்ளை இருந்தால், பயனாளர்கள் வேலைக்கு வரும் முன்னரே ஒரு வயரைப் பிடுங்குங்கள்: அந்தச் சப்ளையின் விளக்கு நிறம் மாறியோ அணைந்தோ போக வேண்டும், எச்சரிக்கை பதிவாக வேண்டும், கருவி தொடர்ந்து ஓட வேண்டும். அதைத் திரும்பச் செருகி, விளக்கு பச்சையானதைப் பார்த்துவிட்டு, அடுத்த வயரையும் அப்படியே பிடுங்கிச் சோதியுங்கள்.