மெனோபாஸ், ஹார்மோன் மாத்திரை, உடல் எடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாப்பாடு அதேதான் டாக்டர், வீட்டு வேலையும் அதேதான், வயிறு மட்டும் போட்டுக்கொண்டே போகிறது." மாதவிடாய் நிற்கும் பருவத்திலுள்ள பெண்களிடமிருந்து மகப்பேறு மருத்துவர்களாகிய நாங்கள் மிக அதிகமாகக் கேட்கும் முறையீடு இதுதான். எங்கள் புறநோயாளிப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் பதிலை அண்மையில் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "வயதானால் அப்படித்தான் அம்மா, கொஞ்சம் நடங்கள்" என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள். நாங்கள் பயிற்சியில் இருந்த காலத்தில் சொன்னதும் இதே பதில்தான். அந்தப் பதிலோடு வீடு திரும்பும் பெண், காரணத்தைத் தானே தேடத் தொடங்கி, பெரும்பாலும் தவறான இடத்தில் போய் நிற்கிறார். இனிப்பைக் குறைக்க வேண்டும், எண்ணெயில் பொரித்தது வேண்டாம் என்பனவெல்லாம் அனைவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மாதவிடாய் நிற்கும்போது குறைந்துபோகும் ஹார்மோனை மருந்தாகத் தரும் ஹார்மோன் மாற்று சிகிச்சையைத் தொடங்கியிருக்கும் அல்லது தொடங்கலாமா என்று யோசிக்கும் பெண்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எடைக் கருவியை மட்டும் நம்புவது

அமெரிக்காவில் 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கிய 'ஸ்வான்' என்னும் ஆய்வு, மாதவிடாய் நிற்கும் பருவத்தைக் கடக்கும் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அதில் தெரியவந்த செய்தி பலருக்கும் வியப்பாக இருக்கும். உடல் எடை வயதோடு சீராகக் கூடிக்கொண்டுதான் வருகிறது. மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் அது திடீரென்று தாவுவதில்லை. ஆனால் அந்த எடைக்குள்ளே இருப்பது மாறிவிடுகிறது. மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் காலத்திலிருந்து கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது, தசை குறையத் தொடங்குகிறது, கடைசி மாதவிடாய்க்குப் பின் சுமார் 2 ஆண்டுகள் வரை இந்த மாற்றம் நீடித்த பிறகே நிலைபெறுகிறது. அதே காலத்தில், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறையக் குறைய, முன்பு இடுப்பிலும் தொடையிலும் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள் சேர ஆரம்பிக்கிறது. எடைக் கருவியில் ஒரு கிலோ கூடக் கூடாமலே ரவிக்கையும் பாவாடையும் இறுக்கமாவது இதனால்தான்.

ஆகவே இந்த வயதில் எடையைவிட இடுப்பளவு அதிகம் சொல்லும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை, அதைத் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பது தவறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப் சதையை அழுத்தாமல் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் அளந்து குறித்து வைத்தால் போதும்.

இரண்டு மருந்தில் ஒன்றை மட்டும் நிறுத்திவிடுவது

எத்தனை ஆண்டுகள் ஆனாலும் எனக்கு இன்னமும் ஆற்றாமையைத் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இதைத் தடுக்க இரண்டு நிமிட விளக்கம் போதும்.

ஐம்பதைக் கடந்த ஒரு பள்ளி ஆசிரியை, வகுப்பில் நிற்கும்போதே உடம்பெல்லாம் சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது என்பதால் வேறொரு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை தொடங்கியிருந்தார். தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல் ஒன்று, இரவில் விழுங்கும் புரொஜெஸ்டிரோன் மாத்திரை ஒன்று. சூடு அடங்கியது. ஆனால் முதல் சில வாரங்களிலேயே மார்பு கனத்தது, வயிறு உப்பியது, எடையும் கொஞ்சம் ஏறியது. "அந்த ராத்திரி மாத்திரைதான் உடம்பை ஊத வைக்கும், அதை விட்டுவிடு" என்று அண்ணி சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். சூட்டைத் தணிக்கும் ஜெல்லை மட்டும் விடாமல் தடவி வந்தார். மாதங்கள் கழித்து இரத்தப்போக்கு தொடங்கியபோது, நின்றுபோன மாதவிடாய் திரும்பி வந்துவிட்டது, உடம்பு இளமையாகிறது என்று அவர் மகிழ்ச்சியடைந்தார். போக்கு நிற்காமல் நீண்ட பிறகுதான் என்னிடம் வந்தார். ஸ்கேனில் கருப்பையின் உள்சுவர் தடித்திருந்தது. அதிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்ததில் அது அளவுக்கு மீறி வளர்ந்திருப்பது உறுதியானது. நல்லவேளையாகச் செல்களில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் எதுவும் இல்லை. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தால் அது சரியாகியது. அந்த மாற்றம் இருந்திருந்தால் கருப்பையை அகற்றும்படியே சொல்லியிருப்போம்.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்சுவரை வளரச் செய்யும். புரொஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவது மருந்து கொடுக்கப்படுவதன் முதன்மைக் காரணம் இந்தப் பாதுகாப்புதான். இந்த உண்மை மருத்துவ உலகத்துக்கும் பெரும் விலை கொடுத்த பிறகே தெரிந்தது. அமெரிக்காவில் கருப்பை உள்ள பெண்களுக்கும் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தாராளமாக எழுதிக் கொடுத்துவந்த காலத்தில், அவ்வாறு எடுத்துக்கொண்டவர்களிடம் கருப்பை உள்சுவர்ப் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக இருப்பதை 1975-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அதன் பிறகே புரொஜெஸ்டிரோன் வகை மருந்தைச் சேர்ப்பது வழக்கமானது. கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்குப் பொதுவாக அது தேவையில்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது: கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மருந்தோடு நன்றாக இருப்பதைப் பார்த்து, எனக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்கிறார்கள்.

பருமனான பெண்களுக்கு இந்தத் தவறு இன்னும் அதிக ஆபத்தானது. சினைப்பை ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோனை ஈஸ்ட்ரோன் என்னும் ஒருவகை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டேயிருக்கிறது. அதாவது எடை கூடிய பெண்ணின் கருப்பைச் சுவர், மருந்து எதுவும் தொடங்குவதற்கு முன்பே ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலில் இருக்கிறது. பாதுகாப்பு மாத்திரை யாருக்கு மிக அவசியமோ, எடைக்குப் பயந்து அதை முதலில் கைவிடுபவரும் அவராகவே இருக்கிறார்.

அந்த மாத்திரை உண்மையில் எடையைக் கூட்டுகிறதா? 'பெபி' என்று அழைக்கப்படும் அமெரிக்க ஆய்வில் 875 பெண்களுக்கு 3 ஆண்டுகள் பல்வேறு ஹார்மோன் சேர்க்கைகளோ, ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரையோ தரப்பட்டன. முடிவில் போலி மாத்திரை எடுத்தவர்கள்தான் சற்றுக் கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 'காக்ரேன்' மதிப்பாய்வும், இந்த வயதில் இயல்பாகக் கூடும் எடைக்கு மேலாக ஹார்மோன் சிகிச்சை எடையைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே முடிவு செய்தது. முதல் வாரங்களில் தெரியும் உப்பலும் மார்புக் கனமும் பெரும்பாலும் உடலில் நீர் தங்குவதால் வருபவை. அவை கொழுப்பு அல்ல. பெரும்பாலோருக்கு 3 மாதங்களுக்குள் தணிந்துவிடும். தணியவில்லை என்றால் அளவை மாற்றலாம், மாத்திரையின் வகையை மாற்றலாம், கருப்பைக்குள் வைக்கும் சாதனத்துக்கு மாறலாம். வழிகள் இருக்கின்றன, மருத்துவரிடம் சொன்னால்.

எந்தக் காரணத்துக்காகவேனும் உடனே நிறுத்தியே தீர வேண்டும் என்று தோன்றினால், இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே தொடராதீர்கள். ஹார்மோன் எடுக்காத பெண்ணுக்கு மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பரிசோதனை தேவை. இரண்டு மருந்தையும் தினமும் எடுப்பவர்களுக்கு முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு இரத்தக்கசிவு இருப்பது சாதாரணம். 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, நின்றிருந்தது மீண்டும் தொடங்கினாலோ காரணத்தைத் தேட வேண்டும். இந்த ஐந்து வாக்கியங்களைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை நீட்டும் மருத்துவர்மீதுதான், மாத்திரையை நிறுத்திய பெண்மீது அல்ல, எனக்குக் கோபம் வருகிறது.

எல்லா ஹார்மோன் மாத்திரைகளும் ஒன்று என நினைப்பது

நம் ஊரில் ஒரு பெண் ஹார்மோன் மாத்திரையை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ மாதவிடாயைத் தள்ளிப்போடும்போதுதான். அது நாரெத்திஸ்டிரோன். நாற்பதுகளில் அதிக இரத்தப்போக்குக்காக அதே மருந்து பெரிய அளவில் தரப்பட்டிருக்கும். அப்போது பசியும் உப்பலும் கூடியிருக்கலாம். கருத்தடை மாத்திரைகள் பலவற்றில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடயால் என்னும் வீரியம் மிக்க செயற்கை ஈஸ்ட்ரோஜன். மெனோபாஸ் சிகிச்சையில் இன்று பெரும்பாலும் தரப்படுவது சினைப்பை சுரப்பதை ஒத்த ஈஸ்ட்ரடயால், அதுவும் குறைந்த அளவில். ஒன்றில் பட்ட அனுபவத்தை இன்னொன்றின்மேல் ஏற்றக் கூடாது. பழைய சீட்டுகளைக் கையோடு கொண்டுவந்தால் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

எடை குறைய ஹார்மோன் கேட்பது

குறையாது. அதற்காக இதை எழுதித் தருவதும் இல்லை.

பட்டினி கிடப்பது

ஏற்கெனவே தசை கரைந்துவரும் பருவத்தில் காலை உணவை விட்டுவிட்டு, இரவில் ஒரு டம்ளர் கஞ்சியோடு படுப்பவர்கள் இழக்கும் எடையில் கணிசமான பங்கு தசைதான். எலும்பும் சேர்ந்தே நலியும், ஏனென்றால் எலும்பின் அடர்த்தி மிக வேகமாகக் குறைவதும் இதே ஆண்டுகளில்தான். பட்டினியை விட்டதும் எடை திரும்பும்; திரும்புவது பெரும்பாலும் கொழுப்பாக.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 50 கிராம். இந்த வயதில் 60 கிராம் வரை போகலாம் என்றே நான் சொல்வேன், சிறுநீரக நோய் உள்ளவர்கள் நீங்கலாக. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நான்கு பேருக்கு ஒரு கைப்பிடிப் பருப்பில் வைத்த சாம்பாரையும், வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய குழம்பையும் ஊற்றிச் சாப்பிடும் பெண் இந்த அளவின் பாதியைத் தொடுவதே கடினம். மீன், முட்டை, சுண்டல், சோயா, தயிர் என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்க வேண்டும், தட்டில் சோறு அந்த அளவுக்கு இடம் விட வேண்டும்.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் தசையைக் காக்க அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரம் 2 நாளாவது செய்யச் சொல்கிறது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்குவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது ஆகியவற்றில் தொடங்கலாம்.

தைராய்டை மறந்துவிடுவது

எடை கூடுதல், அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல் ஆகிய நான்கும் தைராய்டு குறைவுக்கும் உரியவை. எல்லாவற்றையும் மெனோபாஸ் கணக்கில் எழுதுவதற்கு முன் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச். என்னும் இரத்தப் பரிசோதனை அவசியம். ஏற்கெனவே தைராய்டு குறைவுக்குத் தைராக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கத் தொடங்கினால், இரத்தத்தில் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதம் கூடுவதால், பழைய அளவு போதாமல் போகலாம். தொடங்கிய 6 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெல், தோலில் ஒட்டும் பட்டை (பேட்ச்) போன்ற தோல் வழி மருந்துகளில் இந்தச் சிக்கல் பொதுவாக வருவதில்லை.

பொடிகள்

உள்ளே இருப்பது என்னவென்று உறையில் எழுதாத எடைக் குறைப்புப் பொடியை வாங்காதீர்கள்.

"எனக்கு எடை அதிகம், ஹார்மோனே கூடாது" என்று முடிவு கட்டுவது

இந்த அச்சத்தின் வேர் 2002-இல் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் 16,608 பெண்கள் இருந்த ஒரு பிரிவு அந்த ஆண்டு ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 மார்பகப் புற்றுநோய்களும் 8 பக்கவாதங்களும் கூடுதலாகக் காணப்பட்டதாக வந்த செய்தி உலகெங்கும் பரவியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், அவர்கள் விழுங்கியது குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் பழைய வகைச் செயற்கைப் புரொஜெஸ்டிரோனும் என்பதும் அதே அளவுக்குப் பரவவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள், தொல்லை தரும் அறிகுறிகளோடு இருக்கும், தடை எதுவும் இல்லாத பெண்ணுக்கு நன்மையே மிகுதி என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல்களின் நிலைப்பாடு. இரவெல்லாம் வியர்வையில் விழித்துக் கிடப்பவருக்குக் காலையில் நடக்கவும் பயிற்சி செய்யவும் தெம்பு எங்கிருந்து வரும்? தூக்கம் திரும்பினால் பசியும் ஒரு ஒழுங்குக்கு வருகிறது.

பருமன் இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவது உண்மை. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் செல்வதால் அந்த அபாயத்தை மேலும் கூட்டுவதும் உண்மை. அதனால்தான் எடை அதிகமுள்ளவர்களுக்கு ஜெல் அல்லது பட்டையையே தேர்ந்தெடுக்கிறோம். வழக்கமான அளவுகளில் அவை இரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோய், கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் கட்டியது, பக்கவாதம், மாரடைப்பு, தீவிரக் கல்லீரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சையில் இருக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, அடுத்த ஓ.பி. நாளுக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் சென்று, ஹார்மோன் எடுப்பதை அங்குள்ள மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.